மாயா காட்டுக்குள் ஒரு மவுஸ் பயணம்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. மெயில் அனுப்பப் பழகிவிட்டீர்கள். ரயில் டிக்கெட் எடுத்துப் பார்த்துவிட்டீர்கள். பிள்ளைகள் கேம்ஸ் ஆடிக் களைத்துவிட்டார்கள். "இவ்வளவு பணம் போட்டு வாங்கியதில் வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்பவர்களுக்காக இந்த மாதம் ஒரு பயணம். விசா வேண்டாம், கொசுக்கடி இல்லை, செலவு, கொஞ்சம் டேட்டா மட்டும்.

போகிற இடம் மத்திய அமெரிக்கா. குவாத்தமாலா, பெலீஸ், ஹோண்டுராஸ் ஆகிய நாடுகளிலும், பக்கத்தில் மெக்சிகோவின் தென்கிழக்குப் பகுதியிலும் பரவிக் கிடக்கும் காடு அது. அந்தக் காட்டுக்குள்தான் மாயா மக்களின் பழைய நகரங்கள் இருக்கின்றன. கி.பி. 250 முதல் 900 வரை அவை செழித்திருந்தன. பிறகு பல நகரங்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன. காடு மூடிக் கொண்டது. நகரங்கள்தான் மூடப்பட்டன, மக்கள் அழிந்துவிடவில்லை. இன்றும் பல லட்சம் மாயா மக்கள் அங்கே வாழ்கிறார்கள். சுமார் 30 மாயா மொழிகள் பேசப்படுகின்றன.

சாகசப் பயணம் விரும்புகிறவர்கள் அங்கே படகில் ஆற்றைக் கடந்து, குகைக்குள் நீந்தி, பிரமிடுகளில் ஏறிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதே வழியில் நாம் மவுஸைப் பிடித்துக் கொண்டு போகலாம். போகும்போது ஒரு கேள்வியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கம்ப்யூட்டர் திரை நமக்கு எதைக் காட்டுகிறது? எதைக் காட்டுவதில்லை?

புறப்படும் முன்

நமக்குத் தேவையான புரோகிராம் கூகுள் எர்த். 2005ல் வெளிவந்தபோது இதை டவுன்லோட் செய்து, இன்ஸ்டால் செய்த பின்னரே பயன்படுத்த முடிந்தது. இப்போது பிரவுசரிலேயே இயங்குகிறது. தேடல் கட்டத்தில் கூகுள் எர்த் என்று டைப் செய்து, கூகுள் நிறுவனத்தின் சொந்தத் தளத்தைத் திறந்தால் போதும். கம்ப்யூட்டரில் பதிந்து கொள்ளும் கூகுள் எர்த் புரோ என்ற பதிப்பும் உண்டு. அது 2015 முதல் இலவசம். இரண்டில் எதை எடுத்தாலும் கூகுளின் தளத்திலிருந்தே எடுங்கள். இதே பெயரைக் காட்டி வேறு எதையாவது உங்கள் தலையில் கட்டும் தளங்கள் இருக்கின்றன.

பூமி உருண்டை திரையில் வந்ததும் மூன்று விஷயங்களைப் பழகிக் கொள்ளுங்கள்.

1. மவுஸின் இடது பட்டனை அழுத்திக் கொண்டு இழுத்தால் உருண்டை சுழலும்.
2. மவுஸின் நடுவில் உள்ள சக்கரத்தை உருட்டினால் நெருங்கும், விலகும்.
3. ஷிப்ட் கீயை அழுத்தியபடி இழுத்தால் காட்சி சாய்ந்து, மலையும் பள்ளமும் தெரியும்.

படங்கள் இன்டர்நெட் வழியே துண்டு துண்டாக வருவதால் முதலில் மங்கலாகத் தெரிந்து பிறகு தெளியும். கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். சிறிது நேரம் காத்திருங்கள்.

ஊர் பெயரைத் தேடல் கட்டத்தில் கொடுக்கலாம். ஆனால் காட்டுக்குள் இருக்கும் இடங்களுக்கு எண்களே நம்பகமானவை. முதல் எண் பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே எவ்வளவு என்பதைக் குறிக்கும். இரண்டாவது எண் கிழக்கு மேற்கைக் குறிக்கும். மேற்கு என்றால் எண்ணுக்கு முன் மைனஸ் குறி போட வேண்டும்.

இந்த மைனஸ் குறியை லேசாக எண்ணாதீர்கள். முதல் முறை நான் குவாத்தமாலாவுக்குக் கிளம்பியபோது அதைப் போட மறந்தேன். என்டர் தட்டினேன். உருண்டை சுழன்றது, நெருங்கியது, திரை முழுக்க நீலம். காடும் இல்லை, கோவிலும் இல்லை. சக்கரத்தைப் பின்னோக்கி உருட்டிப் பார்த்தால், வங்காள விரிகுடாவின் நடுவே, விசாகப்பட்டினத்துக்குக் கிழக்கே 600 கிலோமீட்டருக்கும் அப்பால் நின்று கொண்டிருந்தேன்! நீங்களும் ஒரு முறை வேண்டுமென்றே அந்தத் தவறைச் செய்து பாருங்கள். கம்ப்யூட்டர் நாம் கேட்டதைத்தான் தரும்; நினைத்ததை அல்ல என்ற பாடம் மறக்காது.

முதல் நிறுத்தம்: டிக்கால்

இப்போது சரியாக 17.222, -89.624 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். குவாத்தமாலாவின் வடபகுதியில் பச்சைக் கம்பளம் விரித்தது போன்ற காடு. நெருங்கினால் நடுவே வெளிறிய பொட்டுகளாகச் சில கட்டடங்கள். அதுதான் டிக்கால். மாயா உலகின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று. 1979ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது.

பெரிய சதுக்கத்தின் கிழக்கே நிற்கும் முதலாம் கோவில் சுமார் 47 மீட்டர் உயரம். மேற்கே தள்ளி நிற்கும் நான்காம் கோவில் ஏறத்தாழ 65 மீட்டர். இதன் உச்சியில் நின்றால் காட்டின் மேற்பரப்பும், அதைத் துளைத்துக் கொண்டு நிற்கும் மற்றக் கோவில்களின் தலைகளும் தெரியும். 1977ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள்.

இப்போது அந்தப் பொட்டுகளை விட்டு மவுஸை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நகர்த்துங்கள். மரம், மரம், மேலும் மரம். அங்கெல்லாம் ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். அப்படித் தோன்றுவது எவ்வளவு பெரிய தவறு என்பதை அடுத்த நிறுத்தத்தில் பார்க்கலாம்.

இரண்டாவது நிறுத்தம்: காட்டை உரித்த விமானம்

எண்கள்: 16.764, -89.118. பெலீஸ் நாட்டில், குவாத்தமாலா எல்லையை ஒட்டி இருக்கும் கராகோல் நகரம். இங்கே கானா என்று அழைக்கப்படும் 43 மீட்டர் உயரக் கட்டடம் இருக்கிறது. இன்றைக்கும் பெலீஸ் நாட்டில் மனிதன் கட்டிய மிக உயரமான கட்டடங்களில் ஒன்று இது.

ஆர்லன் சேஸ், டயான் சேஸ் என்ற தொல்லியல் தம்பதியர் 1985 முதல் இங்கே ஆய்வு செய்தார்கள். அரிவாளால் செடிகொடிகளை வெட்டி வழி உண்டாக்கி, அளந்து, குறித்து, வரைந்து 25 ஆண்டுகளில் அவர்கள் முடித்தது சுமார் 23 சதுர கிலோமீட்டர். 2009 ஏப்ரலில் ஒரு சிறு விமானம் இந்தக் காட்டின் மேல் சில நாட்கள் பறந்தது. அளக்கப்பட்ட பரப்பு 200 சதுர கிலோமீட்டர்!

விமானத்தில் இருந்த கருவியின் பெயர் லைடார். இது எப்படி வேலை செய்கிறது?

நடுப்பகலில் ஒரு பெரிய வேப்ப மரத்தின் கீழே நின்று தரையைப் பாருங்கள். முழுக்க நிழலாக இருக்காது. அங்கங்கே வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்திருக்கும். இலைகளுக்கு இடையே உள்ள இடைவெளியில் சூரிய ஒளி வருகிறது என்றால், அதே வழியில் லேசர் ஒளியும் வரும். விமானத்தில் உள்ள கருவி ஒரு விநாடிக்குப் பல்லாயிரக்கணக்கான லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்புகிறது. பெரும்பாலானவை இலையில் பட்டுத் திரும்பும். சில மட்டும் தரையைத் தொட்டுத் திரும்பும். போய் வர எடுத்துக் கொண்ட நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம் கிடைத்துவிடும். 600 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்குப் போய்த் திரும்ப ஒளிக்குத் தேவைப்படும் நேரம் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் நான்கு பங்கு. அதைக் கருவி பிழையில்லாமல் அளக்கிறது. அந்தக் கணத்தில் விமானம் எங்கே இருந்தது என்பதை ஜிபிஎஸ் சொல்கிறது.

கராகோலில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 20 புள்ளிகள் பதிவாயின. அவற்றில் தரை வரை போய்த் திரும்பியவை ஒன்று அல்லது இரண்டுதான். அதுவே போதுமானதாக இருந்தது. இலையில் பட்ட புள்ளிகளைக் கம்ப்யூட்டர் கழித்துவிட்டுத் தரையில் பட்ட புள்ளிகளை மட்டும் சேர்த்து வரைந்தபோது, காடு காணாமல் போயிற்று. மலைச் சரிவுகள் முழுக்கப் படிப்படியாக வெட்டிய வயல்கள், நகரத்தின் மையத்திலிருந்து புறப்பட்டுப் போகும் சாலைகள், வீடுகளின் மேடைகள் எல்லாம் தெரிந்தன.

2016ல் இதே முறையில் குவாத்தமாலாவின் பெட்டென் பகுதியில் 2,100 சதுர கிலோமீட்டருக்கும் மேல் அளந்தார்கள். 2018ல் சயன்ஸ் இதழில் முடிவுகள் வந்தன. எண்ணிக் கணக்கிட்ட கட்டடங்கள் 61,480. இதை வைத்துக் கணித்தபோது கி.பி. 650 முதல் 800 வரையிலான காலத்தில் அந்தத் தாழ்நிலப் பகுதியின் நடுவே 70 லட்சம் முதல் 1 கோடியே 10 லட்சம் பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என்று தெரிந்தது. நாம் டிக்காலைச் சுற்றி 'ஒன்றுமில்லை' என்று கடந்து வந்த மரங்களின் கீழேயும் வீடுகளும் சாலைகளும் உண்டு!

மூன்றாவது நிறுத்தம்: கேமராவுக்கு அனுமதி இல்லை

எண்கள்: 17.117, -88.890. இதுவும் பெலீஸ்தான். திரையில் காடு மட்டுமே தெரியும். எவ்வளவு நெருங்கினாலும் அதேதான். இங்கே லைடார் விமானமும் உதவாது. ஏனென்றால் நாம் பார்க்க வந்தது பூமிக்கு உள்ளே இருக்கிறது.

ஆக்டுன் துனிசில் முக்நால் என்பது அந்தக் குகையின் பெயர். 'கல் சமாதியின் குகை' என்று பொருள். நேரில் போகிறவர்கள் காட்டு வழியே சுமார் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். வழியில் ஒரே ஆற்றை மூன்று முறை கடக்க வேண்டும். குகை வாசலில் நீர் ஆழம். நீந்தித்தான் நுழைய முடியும். தலையில் விளக்குப் பொருத்திய ஹெல்மெட். அரசு உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் போக முடியாது. ஓடும் நீரில் நடந்தும், பாறை இடுக்கில் உடலை நுழைத்தும் போன பிறகு, மேலே ஏறி ஒரு பெரிய உலர்ந்த அறைக்குள் வருவார்கள். அங்கே காலணியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாக்ஸ் மட்டும் அணிந்து நடக்க வேண்டும். தரையெங்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வைத்த மண்பாண்டங்கள். அவற்றோடு மனித எலும்புகள். பலியிடப்பட்ட 14 பேரின் எச்சங்கள் இங்கே அடையாளம் காணப்பட்டுள்ளன. அவர்களில் குழந்தைகளும் உண்டு.

குகையின் நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு, எலும்புகளின் மேல் படிந்து மின்னுகிறது. முழுமையாகக் கிடக்கும் ஓர் எலும்புக்கூட்டுக்கு 'ஸ்படிகக் கன்னி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பின்னர் ஆராய்ந்தவர்கள் அது ஓர் இளைஞனாகவும் இருக்கலாம் என்கிறார்கள். மாயா மக்களுக்குக் குகை என்பது பாதாள உலகத்தின் வாசல். மழைத் தெய்வமான சாக் வாழும் இடம். மழை பொய்த்த காலத்தில்தான் இவ்வளவு உள்ளே வந்து காணிக்கை வைத்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

1990களில் பெலீஸ் நாட்டுத் தொல்லியல் அறிஞர் ஹைமே ஆவே தலைமையில் இங்கே ஆய்வு நடந்தது. அந்தக் குழுவில் இருந்த ஹோலி மோய்ஸ், பெரிய அறையில் கிடந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். இதற்குப் பயன்பட்டது ஜிஐஎஸ் வகை புரோகிராம். கண்ணாடித் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது போல் இது வேலை செய்யும். ஒரு தாளில் குகையின் சுவர்கள், அடுத்ததில் நீர்க்குழிகள், அடுத்ததில் பானை ஓடுகள். சேர்த்துப் பார்த்தபோது, கண்டபடி சிதறியவை போல் தோன்றியவை உண்மையில் இடம் பார்த்து வைக்கப்பட்டவை என்பது புலப்பட்டது. இதே வகையில் கியூஜிஐஎஸ் என்ற இலவச புரோகிராம் ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர் கொஞ்சம் கைப்பழக்கம் ஆன பிறகு நீங்களே இன்ஸ்டால் செய்து உங்கள் தெருவை வரையலாம்.

இனி, இந்தக் குகையில் நடந்த ஒரு சம்பவம். 2012ல் ஒரு சுற்றுலாப் பயணி கையில் இருந்த கேமராவை நழுவ விட்டார். அது கீழே கிடந்த ஒரு மண்டையோட்டின் மேல் விழுந்து உடைத்துவிட்டது. ஆயிரம் ஆண்டுகள் இருளில் பத்திரமாகக் கிடந்தது, ஒரு போட்டோவுக்காக ஒரு விநாடியில் போயிற்று. அதன் பிறகு குகைக்குள் கேமரா கொண்டு போகத் தடை வந்துவிட்டது.

நேரில் போக முடியாதவர்களுக்குத்தான் திரை என்று நாம் நினைக்கிறோம். ஆனால் சில இடங்களில் மிகவும் நல்ல விருந்தாளி, வீட்டில் இருந்து பார்க்கிறவர்தான். அவர் எதையும் மிதிப்பதில்லை. எதையும் கீழே போடுவதில்லை.

நான்காவது நிறுத்தம்: உசுமசிந்தா ஆறு

எண்கள்: 16.899, -90.964. வந்ததும் சக்கரத்தைப் பின்னோக்கி உருட்டி உயரே செல்லுங்கள். பழுப்பு நிறத்தில் ஓர் ஆறு குதிரை லாடம் போல வளைந்து போகிறதா? அதுதான் உசுமசிந்தா. ஒரு கரை மெக்சிகோ, மறு கரை குவாத்தமாலா. அந்த லாடத்தின் உள்ளே, மெக்சிகோ கரையில் இருப்பது யாஷ்சிலான் நகரம். மூன்று பக்கமும் ஆறு. அக்கம்பக்கத்தில் சாலை இருக்கிறதா என்று திரையில் தேடிப் பாருங்கள். இன்றும் பயணிகள் ஃபிரோன்டெரா கொரோசால் என்ற கரையோர ஊரிலிருந்து நீண்ட மோட்டார் படகில்தான் இங்கே வருகிறார்கள்.

இந்நகரத்தின் வாசல் மேற்கற்களில் அரசர்களின், அரசிகளின் சடங்குகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அவற்றில் சிறந்த சிலவற்றை ஆல்ஃபிரட் மோட்ஸ்லே என்ற ஆங்கிலேயர் 1880களில் லண்டனுக்கு அனுப்பினார்; இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவர் பல சிற்பங்களுக்கு அச்சு வார்ப்புகளும் எடுத்தார். அதன் பிறகு நூறு ஆண்டு மழையில் அசல் கற்கள் தேய்ந்து போக, வார்ப்புகள் தேயாமல் இருந்தன! அவற்றைப் பிரிட்டிஷ் மியூசியமும் கூகுளும் சேர்ந்து முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்தன. 2017 முதல் கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் தளத்தில் இவற்றைப் பார்க்கலாம். வார்ப்பு எடுத்தவர் அந்நாளில் பேக்கப் என்ற சொல்லை அறிந்திருக்க மாட்டார். ஆனால் அவர் செய்தது அதுதான். உங்கள் வீட்டுத் திருமண போட்டோக்களை வேறொரு டிஸ்க்கில் காப்பி செய்து வைத்துவிட்டீர்களா?

ஆற்றோட்டத்தில் இன்னும் கீழே போனால், குவாத்தமாலா கரையில் பியத்ராஸ் நெக்ராஸ். இந்த ஊர்க் கற்களைப் பார்த்துத்தான் ஒரு பெரிய பூட்டுத் திறந்தது. மாயா கல்வெட்டுகளில் தேதிகளைப் படிக்கத் தெரிந்திருந்தும், அவை எதைக் குறிக்கின்றன என்பது நெடுநாள் தெரியாமல் இருந்தது. வெறும் வானியல் கணக்கு என்றே பலர் நினைத்தார்கள். தத்தியானா ப்ரோஸ்குரியாகோவ் என்ற பெண், கட்டடக் கலை படித்தவர், இவ்வூர்க் கற்களின் தேதிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து அடுக்கிப் பார்த்தார். ஒவ்வொரு கூட்டத்தின் தேதிகளும் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்கின. அப்படியானால் இவை அரசர்களின் பிறப்பும் பட்டமேற்பும்! 1960ல் அவர் இதை வெளியிட்டார். இன்று எக்செல் தாளில் தேதிகளை டைப் செய்து, சார்ட் பட்டனை அழுத்தி நாம் செய்கிற வேலைதான். அவர் செய்தது காகிதத்திலும் பென்சிலிலும். எதை எதோடு சேர்த்து அடுக்க வேண்டும் என்பதை எந்த பட்டனும் சொல்லித் தராது.

ஐந்தாவது நிறுத்தம்: ஆறு அரித்த நகரம்

எண்கள்: 14.837, -89.142. ஹோண்டுராஸ் நாட்டின் கோப்பான். நகரத்தை ஒட்டி ஓடிய கோப்பான் ஆறு, மேட்டின் கிழக்குப் பக்கத்தைச் சிறிது சிறிதாகத் தின்று வந்தது. 1930களில் கார்னகி நிறுவனத்தின் ஆய்வுக் குழு ஆற்றையே திசை திருப்பியது.

இங்கே ஒரு படிக்கட்டு இருக்கிறது. அறுபதுக்கும் மேற்பட்ட படிகளில் சுமார் 2,200 எழுத்துருக்கள். மாயா எழுத்தில் கிடைத்த மிக நீளமான வாசகம் இதுவே. கோப்பான் அரசர்களின் வரலாறு அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் படிகள் பெரும்பாலும் சரிந்து கிடந்தன. அடியில் இருந்த சில படிகள் மட்டும் தம் இடத்தில் இருந்தன. 1930களில் சரிந்த கற்களை எடுத்து மீண்டும் அடுக்கினார்கள். அப்போது அந்த எழுத்தை யாராலும் படிக்க முடியாது. அதனால் வரிசை மாறிவிட்டது. ஒரு புத்தகத்தின் பக்கங்களைக் கலைத்துவிட்டு, அந்த மொழி தெரியாதவர் பைண்டிங் செய்தது போல!

இன்று எழுத்தைப் படிக்கத் தெரிகிறது. ஆனால் கற்களைப் பெயர்த்து மறுபடி அடுக்கினால் இருப்பதும் உடையும். அதனால் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர்கள் படிகளை முப்பரிமாண ஸ்கேனரில் பதிவு செய்து, கம்ப்யூட்டர் திரையில் இடம் மாற்றிப் பார்க்கிறார்கள். தவறாகப் போனால் அன்டூ செய்யலாம். கல்லுக்கு அந்த வசதி இல்லை.

இரண்டு தேடல்கள்

பயணத்தை முடிக்கும் முன், வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் தெரிந்து கொள்ள வேண்டிய இரண்டு கதைகள்.

2016 மே மாதம், கனடாவைச் சேர்ந்த 15 வயது மாணவர் ஒருவர் செய்தித்தாள்களில் இடம் பிடித்தார். நட்சத்திரக் கூட்டங்களின் வரைபடத்தை மாயா நகரங்களின் மேல் பொருத்திப் பார்த்து, ஒரு நட்சத்திரத்துக்கு மட்டும் நகரம் இல்லை என்று கண்டு, அந்த இடத்தின் செயற்கைக்கோள் படத்தைத் தேடினார். காட்டுக்குள் ஒரு சதுர வடிவம் தெரிந்தது. காணாமல் போன நகரம் கிடைத்துவிட்டது என்று உலகம் முழுக்கச் செய்தி பரவியது. மாயா எழுத்தியல் அறிஞர் டேவிட் ஸ்டூவர்ட் உள்ளிட்டவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு மறுத்தார்கள். அது பயிரிட்டுவிட்டுத் தரிசாக விட்ட பழைய சோளக் காடு என்றார் ஸ்டூவர்ட். அங்கே வாழும் விவசாயிக்கு அது முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும். மாணவரின் ஆர்வத்தில் குறை இல்லை. உறுதி செய்யும் முன்பே ஊருக்குச் சொல்லியதுதான் குறை.

அடுத்த கதை. அமெரிக்காவின் டுலேன் பல்கலைக்கழக ஆய்வு மாணவராக இருந்த லூக் ஆல்ட் தாமஸ் இன்டர்நெட்டில் தேடிக் கொண்டிருந்தார். நாம் முதல் பக்க முடிவுகளோடு நிறுத்திக் கொள்வோம். அவர் ஏறக்குறைய 16ஆவது பக்கம் வரை போனார். மெக்சிகோவில் காட்டின் கார்பன் அளவைக் கணக்கிட 2013ல் எடுத்த லைடார் பதிவு ஒன்று அங்கே இருந்தது. மரங்களை எண்ணுவதற்காக எடுத்தது. மரங்களைக் கழித்துவிட்டுப் பார்க்கும் எண்ணம் அதை எடுத்தவர்களுக்கு இல்லை. அவர் கழித்துப் பார்த்தார். கம்பெச்சே மாநிலத்தில் 6,764 கட்டடங்கள். அவற்றின் நடுவே பிரமிடுகளும் பந்தாட்டக் களமும் நீர்த்தேக்கமும் கொண்ட ஒரு நகரம். வலேரியானா என்று பெயரிட்டு, 2024 அக்டோபரில் ஆன்டிக்விட்டி இதழில் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து வெளியிட்டார். நகரம் ஒரு நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே இருந்தது. சுற்றிலும் விவசாயிகள் குடியிருந்தார்கள்.

இரண்டு பேரும் உட்கார்ந்த இடத்தில் இருந்துதான் தேடினார்கள். வித்தியாசம் என்ன? முதலாமவர் பார்த்தது இலைகளின் மேற்பரப்பை. இரண்டாமவர் பார்த்தது தரையின் அளவுகளை. அதைப் படிக்கப் பல ஆண்டுகள் பயின்றும் இருந்தார். அப்படியும், செய்தி வெளிவந்த நாள் வரை ஆய்வாளர்கள் யாரும் அந்த நகரத்தில் கால் வைக்கவில்லை. எந்த அரசர் ஆண்டார், எதனால் கைவிட்டுப் போனார்கள் என்பதையெல்லாம் லேசர் சொல்லாது. அதற்கு யாராவது அரிவாளோடும் கரண்டியோடும் போய் மண்ணைத் தோண்ட வேண்டும்.

திரும்பும் வழியில்

போய் வந்த இடங்களைச் சேமித்து வைக்கக் கூகுள் எர்த்தில் வசதி உண்டு. ஒவ்வொரு இடத்திலும் ஒரு குறி இட்டு, பெயர் கொடுத்து, சேவ் செய்து கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். ஐந்து இடங்களின் எண்களை மட்டும் எழுதிக் கொடுத்து, எது ஆற்றோரம், எது நாட்டின் எல்லையில் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அளவுகோல் கருவியைக் கொண்டு டிக்காலில் இருந்து கராகோல் எவ்வளவு தூரம் என்று அளக்கச் சொல்லுங்கள். மைனஸ் குறியைப் பற்றி மட்டும் முன்கூட்டியே சொல்லாதீர்கள். அவர்களும் ஒரு முறை வங்கக் கடலில் விழுந்து எழட்டும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. காட்டில் ஏதேனும் விசித்திர வடிவத்தைக் கண்டால், புதையல் என்று நண்பர்களுக்கெல்லாம் மெயில் அனுப்பிவிடாதீர்கள். மாயா இடங்களைக் கொள்ளையடித்துச் சிற்பங்களை விற்கும் கூட்டம் நெடுங்காலமாக இருக்கிறது. லைடார் படங்களில் பழைய கட்டடங்களோடு கொள்ளையர் தோண்டிய குழிகளும் சேர்ந்தே தெரிகின்றன. அதனால்தான் புதிதாகக் கண்ட இடங்களின் எண்களைப் பல ஆய்வாளர்கள் பகிரங்கமாகச் சொல்வதில்லை. இங்கே நாம் பார்த்த ஐந்தும் எல்லாருக்கும் தெரிந்த, காவல் உள்ள இடங்கள்.

இனி அடுத்த பயணத்தை நீங்களே அமைத்துக் கொள்ளலாம். முதலில் உங்கள் சொந்த ஊரைத் தேடிப் பாருங்கள். திரையில் உங்கள் வீட்டுக் கூரை தெரியும். கூரைக்குக் கீழே யார் இருக்கிறார்கள், அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மாயா காட்டைப் பார்க்கும்போதும் அதை நினைவில் வைத்துக் கொண்டால், நல்ல பயணி ஆகிவிடுவீர்கள்.